வெற்றிடமும் பூச்சியமும்: மன்னார்ப் பதிவேடுகளின் நிரல்களை மீளப் படித்தல்

ஈழத்து வரலாற்றாய்விலே மன்னார்ப் பகுதிக்குத் தனியிடம் உண்டு. மாதோட்டம், திருக்கேதீச்சரம், அரிப்பு, முத்துச் சலாபம் என்னும் பெயர்களைக் கேட்டமாத்திரத்தே ஆய்வாளர் கல்வெட்டையும் நாணயத்தையும் அகழ்வுச் சான்றுகளையும் பிறநாட்டார் குறிப்புக்களையும் நாடிச் செல்வது வழக்கம். ஆயின் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கால மன்னாரை அறிவதற்கு, சொற்களால் அன்றி எண்களாலேயே எழுதப்பட்ட மூலவகையொன்றும் உண்டு. சலாபக் கணக்கு, குடிசனமதிப்பு அட்டவணை, மழையேடு ஆகியன அவ்வகையைச் சார்ந்தன. முதலிற் கோடிட்ட தாளிலும், பின்னர் துளையிட்ட அட்டையிலும், அதன்பின் கணினிக் கோப்பிலும் இவை நிரல் நிரலாக எழுதப்பட்டு வந்துள்ளன.

இம்மூலங்களைப் பயன்படுத்துவோர் பலர். அவற்றை மூலங்களென மதித்து ஐயுற்று நோக்குவோர் சிலரே. கல்வெட்டொன்றிலே எழுத்துச் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டாது தாமே நிரப்பிக்கொள்ளும் பதிப்பாசிரியரை நாம் கண்டிக்கின்றோம். எண்ணேட்டிலே இலக்கம் இல்லாத இடத்திற் பூச்சியத்தை இட்டுக்கொள்பவரை எவரும் கண்டிப்பதில்லை. நிரற்கோப்பொன்றை மீண்டும் வகைப்படுத்திய பதிவுகளாக மாற்றும்போது வெற்றிடம் என்ன ஆகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். மன்னாரின் மழைப்பதிவு இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. எனினும் அதற்கு முற்பட்டதான சலாபக் கணக்கையும் சிறிது நோக்குதல் பயனுடைத்து.

நிலைத்த அகலக் கோப்பு

இக்காலத்துத் தரவுத்தளத்திலே ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பெயரும் ஒரு வகையும் உண்டு. இது திகதி, இது முழுவெண், இது தசமவெண், இது பெயர் என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். நிலைத்த அகலக் கோப்பில் அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை. வரி முழுவதும் எழுத்துக்களே. முதற் பதினோரெழுத்து நிலையத்தின் அடையாளம், அடுத்த நான்கு ஆண்டு, அதற்கடுத்த இரண்டு மாதம் என்று இடத்தைக் கொண்டே பொருளை அறிதல் வேண்டும். இடையிற் காற்புள்ளியோ கோடோ இராது. இலக்கம் சிறிதாயின் முன்னே வெற்றெழுத்துக்கள் நின்று இடத்தை நிரப்பும். செய்யுளிற் சீர் பிரிப்பதற்கு ஓசையாவது துணைநிற்கும். இங்கே எண்ணிக்கை ஒன்றே துணை.

இம்முறை கணினியோடு தோன்றியதன்று. 1890ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் குடிசனமதிப்பைத் தொகுப்பதற்கு ஹேர்மன் ஹொலரித் துளையட்டைகளைக் கையாண்டார். அட்டையிலே துளை விழுந்த இடமே அதன் பொருள். 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது நிரல் கொண்ட அட்டையை வெளியிட்டது. பின்னர் நெடுங்காலம் உலகின் புள்ளிவிபரங்களிற் பெரும்பகுதி அவ்வெண்பது நிரலுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. அட்டைகள் காந்த நாடாக்களாகவும் நாடாக்கள் கோப்புக்களாகவும் மாறியபோதும் நிரல் எண்ணும் வழக்கம் தொடர்ந்தது.

இன்றும் வழக்கிலுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிருவாகம் உலகெங்குமுள்ள 100,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் நாள்தரவுகளை, இலங்கை நிலையங்களுட்பட, ஒரு தொகுதியாகப் பேணி வருகின்றது. அதிலே ஒரு வரி ஒரு நிலையத்தின் ஒரு மாதம். வரியின் முதல் 21 எழுத்துக்கள் நிலையம், ஆண்டு, மாதம், அளக்கப்பட்ட பொருள் என்பவற்றைக் கூறும். அதன்பின் நாளொன்றுக்கு எட்டெழுத்து வீதம் 31 நாள்கள். எட்டில் ஐந்து அளவுக்கு உரியன. எஞ்சிய மூன்றும் முறையே அளந்த விதம், நம்பகம், மூலம் ஆகியவற்றைக் காட்டும் ஒற்றையெழுத்துக் குறிகள். ஆக வரியின் நீளம் 269 எழுத்து. மழையின் அளவு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலே தரப்படும். 1234 என்று காணப்படின் அது 123.4 மில்லிமீற்றர். அளவு இல்லாதவிடத்து -9999 என்னும் குறி இடப்படும்.

எல்லா மாதங்களுக்கும் 31 இடங்கள் உள்ளமையாற் பெப்ரவரி மாத வரியிலும் முப்பதாம், முப்பத்தோராம் நாள்களுக்கு இடம் உண்டு. அவ்விடங்களிலும் -9999 என்றே இருக்கும். அஃதாவது, அளக்கப்படாத நாளும் உலகில் இல்லாத நாளும் ஒரே குறியைப் பெறுகின்றன. கோப்பை ஆக்கியோருக்கு இதனாற் குறை ஏதுமில்லை; நாட்காட்டியை அறிந்தவன் பிரித்துக்கொள்வான். ஆயினும் ஒரே குறி இருவேறு இன்மைகளைச் சுட்டவல்லது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

சலாபக் கணக்கு

மன்னாரிற் பதிவேடு என்றதும் நினைவுக்கு வருவது முத்துக்குளிப்பே. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே சலாபம் கூடியபோது, படகுகள் கொணர்ந்த சிப்பிகள் கொட்டிலிலே மூன்று கூறாக எண்ணிப் பிரிக்கப்பட்டன. பிரித்தானியர் ஆட்சியின் இறுதிக்காலச் சலாபங்களில் ஒரு கூறு குளிகாரருக்கும் இரு கூறுகள் அரசுக்கும் உரியனவாயின. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. நாள்தோறும் எண்ணிக்கை, நாள்தோறும் விலை எனக் கணக்கேடு நிரம்பிற்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்திற் கிடைத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேல். அரசு பெற்ற வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டே பார்கள் இருபதாண்டுக் குத்தகையாக இலண்டன் நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டின் பின் அந்நிறுவனத்துக்குச் சலாபம் வாய்க்கவில்லை.

இச்சலாபங்களின் ஆண்டுவரிசையை ஜேம்ஸ் ஸ்ரூவார்ட் 1843இல் வெளியிட்ட நூலும், வில்லியம் ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அறிக்கையும் தருகின்றன. அவ்வரிசையில் நம் கருத்தை ஈர்ப்பன வருமானம் மிகுந்த ஆண்டுகளல்ல. வெறுமையாய் நிற்கும் ஆண்டுகளே. 1838 தொடக்கம் 1854 வரை சலாபம் இல்லை. 1892 தொடக்கம் 1902 வரையும் இல்லை. இக்காலங்களிலே பார்கள் பரிசோதிக்கப்பட்டே வந்தன; குளிப்பதற்குரிய முதிர்ந்த சிப்பி இல்லை என்பது கண்டறியப்பட்டே சலாபம் கைவிடப்பட்டது. ஆகவே அவ்வாண்டுகளுக்கு வருமான நிரலிற் பூச்சியம் இடுவது தவறாகாது. பார்த்தறிந்த இன்மை அது.

ஒல்லாந்தர் காலத்து வெறுமை அத்தகையதன்று. 1768க்கும் 1796க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலே சலாபம் நிகழாமைக்குக் கர்நாடக நவாபுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே எழுந்த உரிமைப் பிணக்கே காரணமாகக் கூறப்படுகின்றது. கடலடியிற் சிப்பி இல்லாமல் அன்று, கரையிலே இணக்கம் இல்லாமலே குளிப்பு நின்றது. இந்த இருபத்தேழு ஆண்டுகளையும் பூச்சியமாகக் கொண்டு சிப்பி வளத்தின் ஏற்றத்தாழ்வை ஆராய்பவர், நவாபின் வழக்கைச் சிப்பியின் தலையிற் சுமத்துபவராவர். உயிரியலாளர் அட்டவணையை மட்டும் நோக்கினால் இவ்விரு வெறுமையும் ஒன்றேபோற் தோன்றும். அட்டவணைக்குப் புறம்பான வரலாறே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றது.

எண்ணின் வகை பற்றியும் சலாபம் ஒரு பாடம் தருகின்றது. முத்துக்களைப் பருமன் பிரிப்பதற்குப் பெட்டி எனப்பட்ட பித்தளைச் சல்லடைகள் பத்துக் கையாளப்பட்டன. அவற்றின் பெயர்கள் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்பன. இவை துளைகளின் தொகையைக் குறிக்கும். துளை மிகுந்தால் அது சிறிது. எனவே இலக்கம் பெருகப் பெருக முத்துச் சிறுக்கும். ஏட்டிலே 400 என்று எழுதப்பட்டிருப்பின் அது நானூறு முத்துமன்று, நானூறு என்னும் எடையுமன்று. ஒரு சல்லடையின் பெயர். அந்நிரலை எண்வகையாகக் கொண்டு சராசரி கண்டால் விடை வரும். அவ்விடைக்குப் பொருள்தான் இராது. எண்ணாகத் தோன்றுவதெல்லாம் எண்ணன்று என்பதைச் செட்டியார் அறிந்திருந்தார். கணினி அறியாது, நாம் சொல்லிக்கொடுத்தாலன்றி.

மழையேடு

இலங்கையில் ஒழுங்குமுறையான மழைப்பதிவு 1860களின் இறுதியில், நில அளவையாளர் நாயகத்தின் திணைக்களத்துப் பொறுப்பிலே தொடங்கியது. கொழும்பு, காலி, கண்டி, திருகோணமலை, யாழ்ப்பாணம் முதலியவற்றுடன் மன்னாரும் அந்தத் தொடக்க நிலையங்களுள் ஒன்று. கொழும்பு அவதான நிலையம் 1907இல் அமைந்தது. வளிமண்டலவியல் தனித் திணைக்களமானது 1948இல். உலக ஒழுங்கிலே மன்னாருக்கு 43413 என்னும் நிலைய எண் வழங்கப்பட்டது. முதலிரு இலக்கங்களாகிய 43 தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான தொகுதியெண். பாம்பன் 43363, யாழ்ப்பாணம் 43404. கடவுச்சீட்டு இன்றி இன்றும் பாக்குநீரிணையைக் கடப்பது இந்த 43 ஒன்றே எனலாம்.

இவ்வெண்ணும் பெட்டியெண் போன்றதே, பெயரேயன்றித் தொகையன்று. சில கோப்புக்களில் ஆறிலக்க நிரலை நிரப்பும்பொருட்டு இறுதியில் ஒரு பூச்சியம் சேர்த்து 434130 என எழுதப்படும். அந்நிரலை முழுவெண் வகையெனக் கொள்பவருக்கு மன்னார் இரு நிலையங்களாகத் தோன்றும். அவ்வாறு இருமுறை எண்ணப்பட்ட நிலையங்களை ஒன்றாக்கும் வேலை தரவுத்தொகுப்பாளருக்கு இன்றும் ஓயவில்லை.

தொடக்ககால ஏடுகளில் மழை அங்குலத்திலே, நூறிலொரு பங்குவரை எழுதப்பட்டது. பின்னர் மில்லிமீற்றருக்கு மாற்றப்பட்டது. அலகு எதுவெனக் கோப்பிற் சொல்லப்படாதவிடத்தும் இலக்கங்களே தம் பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரங்குலம் 25.4 மில்லிமீற்றர். எனவே நூறிலொரு அங்குலம் கோப்பிலே 3 என்றும், இரண்டு 5 என்றும், மூன்று 8 என்றும், நான்கு 10 என்றும், ஐந்து 13 என்றும் வரும். ஒரு காலப்பகுதியின் சிறுமழைகளில் 3, 5, 8, 10, 13 மாத்திரமே திரும்பத் திரும்பத் தோன்றி 4, 6, 7, 9, 11 என்பன அறவே இல்லையாயின், அப்பகுதி அங்குலத்தில் அளக்கப்பட்டுப் பின்னர் பெயர்க்கப்பட்டது என்று துணியலாம். எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தை நிறுவுவதற்கு ஒப்பான சான்று இது. ஆயினும் மாற்றியெழுதுபவர் இலக்கங்களைக் கிட்டிய முழு மில்லிமீற்றருக்குச் சமப்படுத்திவிட்டால் இச்சான்று அழிந்துபோம். தூய்மை செய்வோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

நாளின் வரையறையும் ஐயத்துக்குரியதே. காலையில் மானியிலிருந்து ஊற்றி அளக்கப்படும் நீர் பெரும்பாலும் முன்னாள் பகலிலும் இரவிலும் பெய்தது. அதனை முன்னைய நாளின் பெயரில் எழுதுவது பிரித்தானிய வழக்கு; அளந்த நாளின் பெயரிலேயே எழுதுவது இந்திய வழக்கு. இரண்டு மூலங்களை ஒட்டவைத்த தொடரில் ஒருநாட் பிசகு நேர்வதற்கு இஃதொரு காரணம். திகதி என்னும் வகைக்குள்ளேயே இவ்வாறு இரு வகைகள் மறைந்து கிடக்கின்றன.

மூன்றும் நான்கும்

இனி, நம் வினாவின் மையத்துக்கு வருவோம்.

1982 சனவரி முதல் உலக வானிலை நிலையங்கள் புதியதொரு பொதுக் குறியீட்டு முறையிலே தம் அவதானங்களை அனுப்பத் தொடங்கின. அவதானம் ஐந்தைந்து இலக்கத் தொகுதிகளாகத் தந்திவழியே செல்லும். நிலைய எண்ணை அடுத்து வரும் தொகுதியின் முதலிலக்கம் மழை பற்றியது. மழைத் தொகுதி செய்தியில் உண்டாயின் அது எப்பிரிவில் உள்ளது என்பதை 0, 1, 2 என்பன கூறும். மழையே பெய்யவில்லையாயின் மழைத் தொகுதியை அனுப்பவேண்டியதில்லை. அவ்விடத்து 3 என்று இடவேண்டும். மழை அளக்கப்படவில்லையாயினும் தொகுதியை அனுப்பவேண்டியதில்லை. அவ்விடத்து 4 என்று இடவேண்டும்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. 43413 என்பதை அடுத்து 3 வந்தால், மன்னாரிலே ஒருவர் மானியருகே சென்று பார்த்தார், அது உலர்ந்திருந்தது என்று பொருள். 4 வந்தால், மழை பெய்ததோ இல்லையோ, எவரும் அதனை அளக்கவில்லை என்று பொருள். இரு நேரத்திலும் செய்தியின் எஞ்சிய பகுதி ஒன்றாகவே இருக்கும். வறண்ட வானத்துக்கும் ஆளில்லாத நிலையத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் ஓரிலக்கம் தாங்கி நிற்கின்றது.

அவ்விலக்கம் பின்னர் எங்கே போயிற்று? தந்திச் செய்திகளைத் திரட்டி நாள்தரவாக்கியபோது, தொகுதி இருந்தால் அளவு, இல்லையேல் இன்மைக்குறி என்று எளிமைப்படுத்தப்பட்டதுண்டு. இவ்வாறு உருவான உலக நாட்சுருக்கக் கோப்பொன்றிலே மழை அங்குலத்தில் தரப்படும், இன்மைக்குறி 99.99. மழையில்லாத நாளிற் பூச்சியத்தை அனுப்பாத நிலையங்கள் பலவாதலால் அத்தகைய நாள்களிலும் 99.99 தோன்றக்கூடும் என்று அக்கோப்பின் விளக்கக்குறிப்பே எச்சரிக்கின்றது. அளவையடுத்து நிற்கும் ஒற்றையெழுத்துக் குறிகளில் ஒன்று, அன்று மழை பற்றிய செய்தியே வரவில்லை, எனினும் பெய்திருக்கவும் கூடும் என்பதைக் குறிக்கின்றது. முன்னர் கூறிய 269 எழுத்து வரியிலும், இவ்வழியில் வந்த அளவுகளுக்கு ‘எஸ்’ என்னும் மூலக்குறி இடப்பட்டு, அவை உண்மை நாளளவிலிருந்து, குறிப்பாக மழையைப் பொறுத்தவரை, பெரிதும் வேறுபடலாம் என்று விளக்கவுரை கூறுகின்றது. அமெரிக்கப் பழந்தொகுதிகள் இரண்டிலிருந்து வந்த அளவுகளுக்குப் ‘பி’ என்றொரு குறி உண்டு. இல்லாதது, பூச்சியமெனக் கருதப்பட்டது என்பது அதன் பொருள். தாம் ஊகித்ததை ஊகம் என்றே எழுதிவைத்த அவ்வெழுத்தரின் நேர்மை பாராட்டத்தக்கது.

கோப்பைப் பதிவுகளாக மாற்றுவோர் பெரும்பாலும் முதலிற் களைந்தெறிவது இவ்வொற்றையெழுத்துக் குறிகளையே. அளவு வேண்டும், குறி எதற்கு என்பது அவர்தம் எண்ணம். இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர். முதன்முறையாக இத்தகைய கோப்பொன்றைப் பிரிக்க முனைந்தபோது, எழுத்தை எண்ணிப் பிரிப்பதற்கு மாறாக, இடைவெளி கண்ட இடத்திற் பிரிக்குமாறு கணினிக்குப் பணித்தோம். முதல் வரிகள் செவ்வனே வந்தன: அளவு, குறி, அளவு, குறி என அடுக்கு அழகாக இருந்தது. ஒரு மாதத்தின் நடுவே அடுக்குக் குலைந்தது. ஆராய்ந்தபோது, அளவுள்ள நாளுக்கு மூலக்குறி உண்டு, -9999 உள்ள நாளுக்கு மூலக்குறி இல்லை என்பது விளங்கிற்று. எனவே அளக்கப்படாத முதல் நாளிலேயே வரிசை வழுவி, அதன் பின்வந்த நாள்கள் யாவும் ஒன்றன் மழையை மற்றொன்று பெற்றுக்கொண்டன. பிழை தொடங்கிய இடம் எதேச்சையானதன்று. வெறுமையை மதியாத இடத்திலேயே அது தொடங்கிற்று. அவ்வேலையை முதலிலிருந்து மீண்டும் செய்ய ஒரு கிழமை பிடித்தது.

போர்க்காலத்து வெறுமை

மேற்கூறியவை எங்கும் நிகழக்கூடிய வழுக்களே. மன்னாரிலும் வட மாகாணத்தின் ஏனைய நிலையங்களிலும் அவை வேறொரு கனம் பெறுகின்றன. 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னார்ப் புகையிரத சேவை நின்றது. ஒற்றோபர் மாதத்தில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வட மாகாணத்தின் ஏனைய முஸ்லிம்களுடன் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பல கடல்கடந்து இராமேசுவரம் சென்றன. நிலையங்களின் அவதானத் தொடர்களிலே இடைவெளிகள் விழுந்ததில் வியப்பில்லை. மானியை அளக்கச் செல்பவரும் ஊரில் இருப்பவரே.

குடிசனமதிப்பும் இதே காலத்து வெறுமையைக் காட்டுகின்றது. 1981இல் மன்னார் மாவட்டத்தின் குடித்தொகை ஏறத்தாழ 106,000. 1991இல் நாடெங்குமே மதிப்பு நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டு மதிப்பு மன்னார் மாவட்டத்தில் முழுமைபெறவில்லை. 2012இல் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 99,500. 1981 என்னும் புள்ளியையும் 2012 என்னும் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் மெல்ல இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். முப்பத்தோராண்டுகளிலே ஊர் ஊராக மக்கள் அகன்றதும் ஒரு பகுதியினர் மீண்டதும் அக்கோட்டில் இல்லை. குடிசன அட்டவணையில் எவரும் 1991க்குப் பூச்சியம் இடத் துணியார். மனிதர் இல்லாத மன்னாரை நம்ப ஒருவரும் இரார். மழை நிரலில் அத்தவற்றைக் கண்டுபிடிப்பது அரிது. மன்னாரில் மழையில்லாத நாள்களே மிகுதியாதலால், பொய்ப் பூச்சியம் மெய்ப் பூச்சியங்களிடையே எளிதில் மறைந்துவிடும்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. மன்னாரின் ஆண்டு மழைவீழ்ச்சி 1,000 மில்லிமீற்றரை அடுத்தது. அதிற் பெரும்பகுதி ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையிலான மூன்று மாதத்திற் பெய்வது. கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள 20,000க்கும் மேற்பட்ட ஏக்கர் வயல்கள், அருவியாற்றின் தேக்கம் அணைக்கட்டிலிருந்து வரும் நீரையும் இம்மழையையும் நம்பியிருப்பவை. காலநிலைச் சராசரி முப்பதாண்டுக் காலப்பகுதியொன்றைக் கொண்டு வகுக்கப்படுவது வழக்கம். இப்போது உலகெங்கும் கையாளப்படும் 1991-2020 என்னும் காலப்பகுதியில் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் வட மாகாணத்தின் போர் ஆண்டுகள்.

கற்பனையான ஒரு மாதத்தைக் கொண்டு விளக்குவோம். முப்பது நாளில் இருபது நாள் அளக்கப்பட்டு 160 மில்லிமீற்றர் பதிவாகியது. பத்து நாள் அளக்கப்படவில்லை. வெறுமையை வெறுமையாகவே கொண்டால் அளந்த நாளுக்கு 8 மில்லிமீற்றர். வெறுமையைப் பூச்சியமாக்கினால் நாளுக்கு 5.3 மில்லிமீற்றர். மழையில் மூன்றிலொரு பங்கு கோப்புமாற்றத்திலேயே வற்றிவிட்டது. இத்தகைய சராசரியை அடிப்படையாகக் கொண்டு மதகின் அகலமோ பாலத்தின் உயரமோ பயிர்க்காப்புறுதியின் வறட்சி எல்லையோ வகுக்கப்படுமாயின், அளக்கப்படாத மழைக்கு விலைகொடுப்பவர் நானாட்டானிலும் உயிலங்குளத்திலும் உள்ள கமக்காரரே. வறட்சி எல்லை தாழ்வாக வகுக்கப்பட்டால், மெய்யான வறட்சியும் வழமையான ஆண்டாகக் கணிக்கப்பட்டு இழப்பீடு மறுக்கப்படலாம்.

மீட்டெழுதும் முறை

இவற்றைக் கருத்திற் கொண்டு நோக்கின், மழைக்கோப்பைப் பதிவுகளாக மீளமைப்பவர் ஒரு நாளுக்கு ஓரெண்ணை மட்டும் எழுதுதல் போதாது. அளவு ஒரு புலம். நிலை மற்றொரு புலம். அளவு தசமவெண்ணாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிலையோ ஒருபோதும் வெறுமையாக இருத்தலாகாது. அளக்கப்பட்டது, அளந்து மழையின்மை காணப்பட்டது, அளக்கப்படவில்லை, செய்தி கிட்டவில்லை, பூச்சியமெனக் கருதப்பட்டது என்பவற்றுள் எது என்பதை அது கூறவேண்டும். நாட்காட்டியில் இல்லாத நாளுக்குப் பதிவே வேண்டுவதில்லை. நிலைய எண் எழுத்துவகையாக இருத்தல் வேண்டும். மூலத்தின் அலகும் அளந்த வேளையும் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, மூல வரியின் 269 எழுத்தும் ஓரெழுத்துக் குறையாமல், வரியிறுதி வெற்றெழுத்துக்களும் உட்பட, பதிவோடு சேர்த்துப் பேணப்படல் வேண்டும். சுவடியைப் பெயர்த்தெழுதியபின் ஏட்டை ஆற்றில் விடும் பழக்கத்தால் நாம் இழந்தவை போதும்.

நிலையை நிறுவுவதற்குக் கோப்பு மட்டும் உதவாதவிடத்து வெளிச்சான்று தேடவேண்டும். மூலத் தந்திச் செய்திகள் கிடைக்குமாயின் 3க்கும் 4க்கும் உள்ள வேறுபாட்டை மீட்டல் கூடும். பாம்பன், புத்தளம், வவுனியா ஆகிய அண்டை நிலையங்களில் ஒரே நாளிற் கடுமழை பதிவாகி மன்னாரிற் பூச்சியம் நின்றால் அதனை ஐயுறலாம். ஐயுறலாமேயன்றி, அண்டையூர் அளவைக் கொண்டு நிரப்பிவிடுதல் கூடாது. பழைய காலத்துக்கு மன்னார் உதவி அரசாங்க அதிபரின் ஆண்டறிக்கைகள் உள்ளன. டபிள்யூ. ஜே. எஸ். போக் 1888இல் வெளியிட்ட மன்னார் பற்றிய நூல் அம்மாவட்டத்தின் குளங்களையும் பயிர்ச்செய்கையையும் விரித்துரைக்கின்றது. மழைபொய்த்த ஆண்டை மழைமானி மட்டுமன்றி வரிக்கணக்கும் அறியும்.

இம்முறையிலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 1964 திசெம்பர் 22, 23ஆம் திகதிகளிலே இலங்கையின் வடபகுதியைக் குறுக்கறுத்துச் சென்ற பெரும்புயல் மன்னாரையும் தலைமன்னாரையும் தாக்கி, தனுஷ்கோடியை அழித்தது. அத்தகைய காற்றில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டிலே பாய்கின்றது. மானியின் வாயிற் புகுவது அதில் ஒரு பகுதியே. ஆகவே அத்தகைய நாள்களுக்கு எங்கேனும் ஓரளவு எழுதப்பட்டிருந்தால், அது அளக்கப்பட்டது என்பது மெய். பெய்தது அவ்வளவே என்பது மெய்யன்று. நாம் மேலே வகுத்த ஐந்து நிலைகளுள் எதுவும் இதற்குப் பொருந்தாது. கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது என ஆறாவது நிலையொன்றைச் சேர்த்துள்ளோம். அக்குறி இப்போதைக்கு நம் தொகுப்பிலே அவ்விரு திகதிகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டுள்ளது. 2020 திசெம்பரில் மன்னாரைக் கடந்த புரெவிப் புயலின் நாள்களுக்கும் அதனை வழங்கலாமா என்பது, அந்நாள்களின் காற்றுவேகப் பதிவைக் கண்டபின்னரே முடிவுசெய்யப்படும்.